டெனிஸ் போட்ட அட்டவணை

பொத்தேரியில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், ஜூஸ் கடைக்கு மேல்மாடியில் டெனிஸ் கடை வைத்திருந்தார். ஜெராக்ஸ், பைண்டிங், லேமினேஷன் என்றுதான் பலகையில் எழுதியிருக்கும். படியேறி வருகிறவர்களுக்கு மட்டுமே மீதி வியாபாரம் தெரியும். கடைசி வருட மாணவர்களுக்கு புராஜெக்ட், எம்.எட். படிப்பவர்களுக்கு ஆய்வேடு, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டு ஐந்து வருடமாக ஒரு வரிகூட எழுதாதவர்களுக்கு முழுப் புத்தகம். எல்லாம் அங்கே தயாராகும். முகவுரையில் மனைவிக்கு நன்றி சொல்லும் பத்தியைக்கூட டெனிஸேதான் எழுதுவார். அந்த மனைவியின் பெயரை மட்டும் கேட்டுக்கொள்வார்.

தன்னிடம் வருகிற ஒருவர் மேலும் அவருக்கு மரியாதை கிடையாது. புள்ளியியலில் எம்.எஸ்சி. முடித்து, ஒரு கல்லூரியில் ஆறு வருடம் கௌரவ விரிவுரையாளராக இருந்தவர் அவர். சொந்தமாக ஓர் ஆய்வையும் தொடங்கினார். அதில் இரண்டு அத்தியாயங்கள் நெறியாளரின் பெயரில் ஒரு இதழில் அச்சாகி வந்தன. போய்க் கேட்டதற்கு, "உன் பேரும் நன்றியில இருக்கே, பாக்கலையா?" என்றார் அந்த மனிதர். அதோடு டெனிஸ் கல்லூரிப் பக்கம் போவதை விட்டார். அன்றிலிருந்து பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்டவர்களைக் கண்டால் அவருக்கு வாய் கசக்கும். அந்த டாக்டர்களில் பத்துப் பன்னிரண்டு பேரைத் தானே செய்து அனுப்பியிருப்பது அந்தக் கசப்பைக் குறைக்கவில்லை.

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தால் டீக்கடை வாசலில் எந்நேரமும் மாணவர்கள் கூட்டம் நிற்கும். ஒரு தாள் பிரிண்ட் எடுக்க ஐந்து பேர் சேர்ந்து படியேறி வருவார்கள். ஒருவன் எடுப்பான், நான்கு பேர் சிரிப்பார்கள். "ஒத்தன் வீணாப் போகறதுக்கு நாலு பேர் தொணை" என்று டெனிஸ் வாய்க்குள் சொல்லிக்கொள்வார். தான் யாருடைய துணையும் இல்லாமல், தன் மூளையை மட்டும் நம்பிப் படித்து மேலே வந்தவன் என்பது அவருடைய எண்ணம். மேலே என்பது இந்த ஜூஸ் கடை மாடிதான் என்பது அவர் கணக்கில் வராது.

மூன்று வருடங்களுக்கு முன் ஜெயகிருஷ்ணன் என்பவர் அந்தப் படியேறி வந்தார். சேலையூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் துணை முதல்வர். சட்டைப் பையில் மூன்று பேனா. வளரிளம் பருவத்து மாணவர்களின் தேர்ச்சியில் தனிமனித, நண்பர், பள்ளிக் காரணிகளின் தாக்கம் என்பது அவருடைய ஆய்வுத் தலைப்பு. அந்தத் தலைப்பை ஒரு மூச்சில் சொல்லி முடிக்கவே அவர் சிரமப்பட்டார்.

"ஆறுநூறு பசங்ககிட்ட வினாத்தாள் குடுத்து வாங்கினதா சினாப்சிஸ்ல போட்டுட்டேன் சார். இருநூத்திப் பன்னெண்டுதான் வந்திருக்கு," என்றார்.

"மீதி?"

"அதுக்குத்தானே உங்ககிட்ட வந்திருக்கேன்."

வந்த இருநூற்றுப் பன்னிரண்டு தாள்களை டெனிஸ் கணினியில் ஏற்றினார். சேலையூர்ப் பள்ளிப் பிள்ளைகளின் தாள்கள் எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. வகுப்பாசிரியர் எதிரே நின்று எதை டிக் அடிப்பது என்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அறுபது பிள்ளைகளும் தங்கள் பள்ளியை "மிகவும்" நேசித்தார்கள். பெரும்பாக்கம் குடிசைமாற்று வாரியக் குடியிருப்புகளுக்குப் பக்கத்திலிருந்த அரசுப் பள்ளியில் யாரும் அப்படி மெனக்கெடவில்லை போலும். அந்தத் தாள்களில் பென்சில் எழுத்து, அழித்த கறை, எண்ணெய்க் கறை எல்லாம் இருந்தன. பாடம் புரியாவிட்டால் யாரிடம் கேட்பாய் என்ற கேள்விக்கு ஒரு பெண், "எங்க பிளாக் மூணாவது மாடி ரம்யா. அவளுக்கும் புரியலன்னா ரெண்டு பேரும் சேந்து முழிப்போம்" என்று எழுதியிருந்தாள்.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது விடை தெளிவாக வந்தது. சேர்ந்து படிக்க ஒரு நண்பராவது இருக்கும் பிள்ளைகள்தான் கூடுதல் மதிப்பெண் எடுத்திருந்தார்கள். வீட்டில் இடமில்லாத, டியூஷனுக்கு வழியில்லாத பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் இன்னும் பெரிதாக இருந்தது.

ஜெயகிருஷ்ணனிடம் போனில் சொன்னார்.

"சார், நண்பர் வட்டம் பெருசானா மார்க் குறையும்னு கருதுகோள் எழுதிட்டேன். கைடும் ஓகே சொல்லிட்டாரு. இப்ப இப்படிச் சொன்னா எப்படி?"

"பசங்க இப்படித்தான் எழுதியிருக்காங்க."

"பசங்க எழுதுவாங்க சார். நீங்க கொஞ்சம் பாருங்க."

டெனிஸ் பார்த்தார். இல்லாத முந்நூற்று எண்பத்தெட்டு பிள்ளைகளை அவர் ஒரு மத்தியானத்தில் பெற்றெடுத்தார். இருந்த பிள்ளைகளின் பதில்களிலும் கை வைத்தார். கை கூசவில்லை. ஜன்னலுக்குக் கீழே கும்பலாக நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே எண்களைத் தட்டினார். உள்ளதைத்தானே எழுதுகிறோம் என்றுகூட அவருக்குத் தோன்றியது. நண்பர்கள் கூடக்கூட மதிப்பெண் இறங்கியது. அட்டவணை 4.17. தலைப்பில் 'நண்பர்கள்' என்பதை அவசரத்தில் 'நண்பர்கல்' என்று அடித்துவிட்டார். நெறியாளர் படிக்கவில்லை, தேர்வாளர்கள் படிக்கவில்லை, சொந்தக்காரரும் படிக்கவில்லை. அது அப்படியே தங்க நிற எழுத்தில் அட்டை போட்டு நூலகத்துக்குப் போனது. ஜெயகிருஷ்ணன் டாக்டர் ஆனார்.

டெனிஸ் குடியிருந்தது முடிச்சூரில். 2015 வெள்ளத்துக்குப் பிறகு விலை இறங்கியிருந்த சமயத்தில் வாங்கிய இரண்டாம் மாடி ஃபிளாட். மனைவி ஆஷா தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். ஒரே மகள் பிளஸ்ஸி, அருகிலிருந்த ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் படித்தாள். பத்தாம் வகுப்பில் கணிதத்தில் தொண்ணூற்றொன்று. என் மூளை என்று டெனிஸ் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நான்கு பேரிடம் சொன்னார்.

அவருக்கு ஒரே குறை, தமிழினி. பிளஸ்ஸி எங்கே போனாலும் அந்தப் பெண்ணும் கூடவே இருந்தாள். அவள் அப்பா ஜெயவேலு முடிச்சூரின் பழைய குடும்பத்துக்காரர். வயலைப் பிளாட் போட்டு விற்று, மிச்சமிருந்த இடத்தில் ஜல்லி, சிமென்ட் கடை வைத்திருந்தார். கழுத்தில் தடிமனாகச் செயின். பள்ளிக்கூட வாசலில் காரை நடுவில் நிறுத்திவிட்டுப் போன் பேசுவார். அந்த வீட்டில் புத்தகம் என்று ஒன்று இருந்தால் அது டெலிவரி நோட்டுப் புத்தகமாகத்தான் இருக்கும் என்பது டெனிஸின் முடிவு. தன் மகளைச் சுரண்டித்தான் அந்தப் பெண் பாஸாகிறாள் என்று அவர் நினைத்தார். யாரையும் கேட்டதில்லை. அவருக்கு இதெல்லாம் கேட்காமலே தெரியும்.

பிளஸ்ஸி பதினொன்றாம் வகுப்பு போன ஜூன் மாதத்தில் பள்ளிக்குப் புது முதல்வர் வந்தார். டாக்டர் ஜெயகிருஷ்ணன்.

பெற்றோர் கூட்டத்தில் அவர் திரையைப் போட்டுப் பேசினார். பட்டம் அவரை நன்றாக ஊத வைத்திருந்தது. குரல் மாறியிருந்தது, கோட் வந்திருந்தது, பேனா ஒன்றாகக் குறைந்திருந்தது. இனி பள்ளியில் நெருங்கிய சிநேகிதர்களை வேறு வேறு செக்‌ஷனில் போடப் போவதாகச் சொன்னார். பெஞ்சுக்கு ஒருவர். சாப்பாடும் ரோல் நம்பர்படிதான். யார் யாருடன் ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்று வகுப்பாசிரியர்கள் பட்டியல் எடுத்து முடித்துவிட்டார்கள்.

"இது என் சொந்தக் கருத்து இல்ல. ஆறுநூறு மாணவர்கள்கிட்ட நானே நேர்ல நடத்தின ஆராய்ச்சி," என்று ஜெயகிருஷ்ணன் பொத்தானை அழுத்தினார்.

திரையில் அட்டவணை 4.17 வந்தது. 'நண்பர்கல்' அப்படியே இருந்தது.

பெற்றோர்கள் போனை உயர்த்திப் படம் எடுத்தார்கள். டெனிஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "டாக்டரேட் பண்ணவரு, சும்மாவா சொல்வாரு?" என்றார். சுற்றிலும் தலைகள் ஆடின. இஞ்சினியர்கள், வங்கி அதிகாரிகள், இரண்டு பேராசிரியர்கள். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்க அந்த மண்டபத்தில் ஒரு வாய் இல்லை. ஆட்டு மந்தை என்று டெனிஸ் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். தானும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதை அவர் அதில் சேர்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பிளஸ்ஸியின் முகம் வாடியிருந்தது.

"தமிழினியை எஃப் செக்‌ஷன்ல போட்டுட்டாங்கப்பா. நான் பி."

"நல்லதுதான்."

"நீங்க மீட்டிங்ல ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லணும்? ஸ்கூல் முடிஞ்சும் அவ வீட்டுக்குப் போறது, அவ இங்க வர்றது, எல்லாத்தையும் நிறுத்திக்கோ. போனையும் அம்மாகிட்ட குடுத்துடு. ஃப்ரெண்ட்ஸ் சேரச் சேர மார்க் இறங்கும். ரிசர்ச்சே சொல்லுது."

சொன்ன பிறகு அவருக்கே ஒரு கணம் என்னவோ போல் இருந்தது. ஆனால் மகள் எதிர்த்துப் பேசாமல் உள்ளே போய்விட்டாள். ஆராய்ச்சி என்ற சொல்லுக்கு இருக்கும் பலத்தைப் பார்த்து அவர் திருப்திப்பட்டுக்கொண்டார்.

காலாண்டுத் தேர்வில் பிளஸ்ஸிக்குக் கணிதத்தில் முப்பத்தெட்டு வந்தது.

டெனிஸ் நம்பவில்லை. திருத்தினவன் முட்டாள் என்றார். விடைத்தாளை வாங்கிப் பார்த்தார். திருத்தினவன் தாராளமாகவே போட்டிருந்தான். ஒரு டியூஷனில் சேர்த்தார். டியூஷன் மாஸ்டர் பத்தாம் வகுப்பு நோட்டைக் கொண்டுவரச் சொன்னார், அடிப்படை எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்க. பரணிலிருந்து ஆஷா அதை எடுத்துத் தூசி தட்டி மேசையில் வைத்தாள்.

நோட்டின் ஓரங்களில் எல்லாம் பச்சை மையில் இன்னொரு கையெழுத்து. "மைனஸை முழுங்கிட்ட எருமை." "இந்த ஸ்டெப் ஏன் வருதுன்னு எனக்குச் சொல்லு, அப்புறம் எழுது." "இன்னும் மூணு கணக்கு போட்டாதான் வூட்டுக்கு." பக்கம் பக்கமாக இருந்தது. சில பக்கங்களில் அந்தப் பச்சை எழுத்துதான் கணக்கையே முதலிலிருந்து பிரித்து விளக்கியிருந்தது. டெனிஸ் ஆறு வருடம் கல்லூரியில் பாடம் நடத்தியவர். இவ்வளவு சுத்தமாக அவர் ஒரு நாளும் விளக்கியதில்லை என்பது அவருக்கே தெரிந்தது.

"யார் எழுத்து இது?" என்றார்.

"தமிழினிது," என்றாள் ஆஷா. "வேற யாரு?"

"அந்தப் பொண்ணு இவகிட்ட காப்பி அடிக்குதுன்னு நெனச்சேன்."

"நெனச்சீங்க. ஒரு நாள் கேட்டீங்களா?" ஆஷா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "நீங்க மட்டும் என்ன, தனியாவா படிச்சீங்க? ப்ளஸ் டூ முழுக்க ரயில்வே குவார்ட்டர்ஸ்ல உங்க ஃப்ரெண்டு அசரியா வீட்டு மொட்டை மாடியிலதான படிச்சீங்க? இண்டெக்ரேஷன் அவர் சொல்லிக் குடுத்ததுன்னு நம்ம கல்யாணத்துக்கு வந்தப்ப அவரே சொல்லிச் சிரிச்சாரு. அதுக்கப்புறம் அவர் போன் பண்ணா நீங்க எடுக்கறதே இல்ல."

டெனிஸ் நோட்டை மூடினார். பிறகு, சொல்ல வேண்டிய அவசியம் ஏதும் இல்லாதபோதே, சொல்லிவிட்டார்.

"அந்த டேபிள் நான் போட்டது."

"எந்த டேபிள்?"

"பிரின்சிபால் காட்டினது. அவர் தீசிஸ் நான்தான் பண்ணேன். அந்த நம்பர் எல்லாம் பொய்."

அறை வாசலில் பிளஸ்ஸி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று இருவருக்கும் தெரியவில்லை.

"நிஜமா பசங்க எழுதினதுல என்ன வந்துச்சு?" என்று கேட்டாள்.

"சேர்ந்து படிக்கறவங்கதான் நல்லாப் பண்றாங்கன்னு வந்துச்சு."

"அப்புறம் ஏன் மாத்தினீங்க?"

"அவர் கேட்டாரு."

"எங்கிட்டயும் அதைத்தான சொன்னீங்க. ரிசர்ச்சே சொல்லுதுன்னு."

அவள் பதிலுக்காக நிற்கவில்லை. போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஓங்கி அறைந்து சாத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் அவர் பள்ளிக்குப் போனார். முதல்வர் அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. ஜெயகிருஷ்ணன் அவரைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். காபி சொன்னார்.

"சார், அந்த 4.17 பொய்யின்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்," என்றார் டெனிஸ். "அதை வெச்சு ஒரு ஸ்கூலையே பிரிச்சுப் போட்டிருக்கீங்க. பசங்க மார்க் இறங்குது."

"பொய்யின்னு சொல்லாதீங்க. தரவு கொஞ்சம் குறைவா இருந்துச்சு, நீங்க நிரப்பினீங்க. முடிவு என் இருபது வருஷ அனுபவம். நீங்க நம்பர் போடலன்னாலும் அதுதான் உண்மை."

டெனிஸ் அந்த முகத்தையே பார்த்தார். மனிதர் நடிக்கவில்லை. உண்மையாகவே நம்பினார். காசு கொடுத்து எழுதி வாங்கின புத்தகத்தைப் பிறகு எப்போதோ எடுத்துப் படித்து, அதிலிருந்து அறிவு பெற்றிருக்கிறார். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு பிராணியை டெனிஸ் பார்த்ததில்லை. பிறகு, மகளுக்குப் புத்தி சொல்ல அதே எண்களைத் தான் எடுத்து நீட்டியதும் அவருக்கு ஞாபகம் வந்தது.

"நான் வெளிய சொன்னா?" என்றார்.

"சொல்லுங்க. யார் போட்டுக் குடுத்தான்னும் சேர்த்துச் சொல்லணுமே." ஜெயகிருஷ்ணன் கோபப்படவில்லை. "எதுக்கு சார் நமக்குள்ள? உங்க பொண்ணு பேர் என்ன, பிளஸ்ஸியா? யார்கூட இருக்கணும்னு சொல்லுங்க. திங்கக்கிழமையே மாத்திடறேன். மத்த பேரண்ட்ஸ்க்குத் தெரிய வேணாம்."

எழுநூறு பிள்ளைகள் அந்தக் கட்டடத்தில் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்காக ஏதோ பேசத்தான் போனார் டெனிஸ். குறைந்தபட்சம் படியேறும்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"எஃப் செக்‌ஷன். தமிழினின்னு ஒரு பொண்ணு. அவ பக்கத்துல," என்றார்.

ஜெயகிருஷ்ணன் கணினியில் தேடினார். "அந்தப் பொண்ணு இல்லையே சார். காலாண்டு லீவு முடிஞ்சதும் டி.சி. வாங்கிட்டுப் போயிட்டாங்க."

டெனிஸ் காபியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தார். செக்‌ஷன் மாற்றம் யாருக்கும் தேவைப்படவில்லை. எழுநூறு பேரைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் கடையை மூட வேண்டியிருக்கும் என்று ஆஷாவிடம் சொன்னார். அவள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.

அந்த வார சனிக்கிழமை பிளஸ்ஸி கணித நோட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்றாள். "தமிழினி வீட்டுக்குப் போறேன். நீங்க கொண்டுபோய் விடறீங்களா, நான் நடந்து போகட்டுமா?"

கொண்டுபோய் விட்டார். ஜல்லி குவித்திருந்த முற்றத்தைத் தாண்டி வீடு. ஜெயவேலு லுங்கியோடு வெளியே வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். உள்ளே கூடத்துத் தரையில் தமிழினி ஏற்கெனவே புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்தாள். பிளஸ்ஸி செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அங்கே போய் உட்கார்ந்தாள்.

"வாங்க சார், ஒக்காருங்க," என்றார் ஜெயவேலு. "நம்ம பொண்ணுக்கு அந்த ஸ்கூல் தோதுப்படல. தொத்து நோய் வந்தவ மாதிரி தனியா குந்த வெச்சிகினு கீறானுங்க. சோறு துன்னக்கூட தனியா. அழுதுகினே வருது. இன்னாடா உங்க ஆராய்ச்சின்னு கேட்டுட்டு டி.சி.ய வாங்கினு வந்துட்டேன். இப்ப கவர்மெண்ட் ஸ்கூலு. நல்லாத்தான் கீது. அங்க நாலு புள்ளைங்களுக்கு இதுதான் கணக்கு சொல்லித் தருதாம்."

டெனிஸ் தலையாட்டினார்.

"நான் எட்டாவதோட நின்னுட்டேன் சார். எனக்கு இன்னா தெரியும் அதெல்லாம். இதுங்க ரெண்டும் சேந்து குந்தினா சத்தம் இல்லாம படிக்குதுங்க, அது தெரியும்." ஜெயவேலு செயினைக் கழுத்தில் சரிசெய்துகொண்டார். "நீங்க படிச்சவங்க. இன்னா வேலையில கீறீங்க? பாப்பா சொன்னதே இல்ல."

டெனிஸ் கடைப் பலகையில் இருப்பதைச் சொல்ல வாயெடுத்தார்.

உள்ளேயிருந்து பிளஸ்ஸி தலை நிமிராமல் சொன்னாள். "அப்பா ஸ்கூல் பசங்களைப் பத்தி ஆராய்ச்சி எழுதிக் குடுக்கறாரு அங்கிள். எங்க பிரின்சிபாலுக்கு இவர்தான் எழுதிக் குடுத்தாரு."

ஜெயவேலு திரும்பி அவரைப் பார்த்தார். ஏதாவது கெட்ட வார்த்தை வரும் என்று டெனிஸ் காத்திருந்தார். ஜெயவேலு, சிமென்ட் வண்டி வந்திருக்கிறது என்று சொல்லி வாசல் பக்கம் நடந்தார். வாசலில் எந்தச் சிமென்ட் வண்டியும் இல்லை.

உள்ளே தமிழினி, "மைனஸ் எங்கடி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். டெனிஸ் நாற்காலியில் இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை. பிறகு எழுந்துபோய்த் தன் வண்டியை எடுத்தார். எத்தனை மணிக்கு வந்து கூட்டிப்போக வேண்டும் என்று மகளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் நடந்தே வந்துகொள்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பாள்.